பெரியம்மாவின் சம்மதம்

எங்கள் செவிலியர் பள்ளியில் அதிகம் ஊசி குத்தப்பட்டவள், அதிகம் திட்டு வாங்கியவள், ஆனாலும் ஒருநாளும் முகம் சுளிக்காதவள் ஒருத்திதான். பெயர் பெரியம்மா. செயல்முறைக் கூடத்தின் நடுக் கட்டிலில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மை. அவளுக்கு நாடி துடிக்கும், மார்பு ஏறி இறங்கும், கண் சிமிட்டும். பேசவும் செய்வாள். பேச்சு மட்டும் என்னுடையது.

கூடத்தின் மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. உள்ளிருந்து பார்த்தால் கூடம் தெரியும். கூடத்திலிருந்து பார்த்தால் பார்க்கிறவரின் முகம்தான் தெரியும். உள்ளே ஒரு கணினி, ஒரு மைக், இரண்டு நாற்காலி. மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு நான் முனகினால் பெரியம்மா முனகுவாள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பயந்துகொண்டே அவள் கையைப் பிடிக்கும்போது, "நாடியைத் தேடறியா, வளையலைத் தேடறியா?" என்று கேட்டுவிடுவேன். பொம்மை கேட்டால் சிரிப்பார்கள், நான் நேரில் கேட்டால் அழுவார்கள். எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஊசி. ஊசி போடக் கற்றுத் தருவதால் என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் நாக்கை வைத்துத்தான் என்பது எனக்குத் தெரியாதா.

பெயர் வைப்பதில் நானும் சளைத்தவள் இல்லை. சமுதாய நலப் பாடம் நடத்துகிறவளுக்கு வானொலி என்று பெயர் வைத்தது நான்தான். நானும் அவளும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடி போடி என்கிற பழக்கம். "நான் சொன்னேன்னு சொல்லாதே" என்று தொடங்கினாள் என்றால் அன்றைய செய்தியறிக்கை ஆரம்பம் என்று அர்த்தம். அதே வாய்தான் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் விசாரிக்கும். என் வீட்டுக்காரர் ஓட்டிய பேருந்து பள்ளத்தில் இறங்கி அவருக்குக் கால் முறிந்தபோது, எனக்கு முன்னால் மருத்துவமனை வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தவள் அவள். அக்கறை எங்கே முடிந்து வம்பு எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மனநலப் பாடம் நடத்துகிறவர் ஆமாம் சார். யார் எதைச் சொன்னாலும் "ஆமாம் மேடம்" என்பார். மனைவி பிரிந்துபோன பிறகு அதையும் மெல்லிய குரலில்தான் சொன்னார்.

ஆசிரியர் அறையில் ஒரு நீள மேசை. மூலையில் ஓர் எலும்புக்கூடு, அதன் கையில் யாரோ மாட்டிவைத்து மறந்துபோன குடை. அந்த மேசையில் நாங்கள் பேசும் வம்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற அலுவலகங்களில் கேள்விப்பட்டதைப் பேசுவார்கள். நாங்கள் அறிகுறிகளை வைத்துப் பேசுவோம். ஒருத்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் போதும், மூன்றாம் நாள் அவளுக்கு நோய் கண்டுபிடித்து, காரணம் கண்டுபிடித்து, காரணமானவனையும் கண்டுபிடித்திருப்போம். படித்த படிப்பு வீண்போகக் கூடாதல்லவா.

அந்த மேசைக்குப் பயந்து இரண்டு ஆசிரியைகள் அடுத்தடுத்து வேலையை விட்டுப் போனார்கள். முதல்வர் அம்மா கவலைப்பட்டுச் சுவரில் ஒரு வாசகம் ஒட்டினார்: இல்லாதவரைப் பற்றிப் பேசாதிருப்போம். யாரை மனதில் வைத்து ஒட்டினார் என்று ஒரு வாரம் பேசினோம். பிறகு எங்களை வட்டமாக உட்காரவைத்து ஒருவரை ஒருவர் பாராட்டச் சொன்னார். வானொலி என் கையெழுத்தைப் பாராட்டினாள். வேறு எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது என்று நான் ஆமாம் சாரிடம் சொன்னேன். அவர் ஆமாம் என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று முதல்வர் அம்மா கையை விரித்துவிட்ட நேரத்தில்தான் புது ஆசிரியை வந்து சேர்ந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள். ஒல்லி, அதிகம் பேசாதவள். பாடம் நன்றாக நடத்தினாள், பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் மத்தியானம் எங்களோடு சாப்பிடாமல் மாடிப்படியில் நின்று யாருடனோ போனில் பேசினாள். மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் கை நடுங்கியது. லேபிளை மூன்று தடவை படிக்கவேண்டும் என்று எல்லோரும்தான் கற்றுத் தருகிறோம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, மருந்தை உறிஞ்சும்போது ஒரு தடவை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. கற்றுத் தருகிறவர்களே அதைச் செய்வது அபூர்வம். இவள் செய்தாள். வாய்விட்டுப் படித்தாள். மூன்றாவது தடவை பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் படிக்கச் சொன்னாள்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. கை நடுக்கம், தனிமை, ரகசியப் போன். ஆமாம் சார் பதற்ற நோயாக இருக்கலாம் என்றார். போன் காதலனுக்கு என்பது வானொலியின் கணிப்பு. கடைசியில், அவள் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் வானொலியின் சித்தி மகள் இருப்பது தெரியவந்தது. வானொலி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நான் சொன்னேன்னு சொல்லாதே என்று தொடங்கினாள். புதியவள் அங்கே ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிப் போட்டுவிட்டாளாம், அதில் வேலை போய்விட்டதாம். காலையில் மருந்து மாறியது. மத்தியானம் நோயாளி செத்தார். சாயங்காலம் பள்ளி விடுவதற்குள் செத்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

கண், காது, மூக்கு எல்லாம் வைத்த அந்தக் கதை என்னோடு பேருந்தில் ஏறி வீட்டுக்கும் வந்தது. சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ பாத்தியா?" என்றார்.

"வானொலி சொன்னா."

"அவ பாத்தாளா?"

"அவ சித்தி மக சொல்லியிருக்கா."

"அப்ப கொஞ்சம் பொறு. இன்னும் ஒரு கை மாறட்டும், மூணு பேராயிடும்," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேல்தான் வந்தது.

அந்த வாரம் முதல்வர் அம்மா புதியவளின் வகுப்பை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று முடிவு செய்வார். வகுப்புக்கு முன்பு நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று பெரியம்மாவின் படுக்கை விரிப்பை இழுத்து முனை மடித்தோம். அப்போதுதான் அவளாக வாயைத் திறந்தாள்.

"இங்கேயும் ஒட்டலைன்னா நர்ஸ் வேலையே வேண்டாம்னு விட்டுடுவேன்க்கா. மச்சினர் துணிக்கடை வச்சிருக்கார். வந்து உக்காருன்னு கூப்பிட்டுட்டே இருக்கார்."

இப்படிப் பாடம் நடத்துகிறவள் துணி கிழித்துக் கொடுக்கப் போவதா என்று எனக்கு மனது சங்கடப்பட்டது. சங்கடப்பட்டதோடு சரி. நான் கறுப்புக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைய பாடம் எளிது. பெரியம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள். வலி தாங்கவில்லை. புதியவள் வலி மருந்து ஊசி போட்டுக் காட்டவேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் முதல்வர் அம்மா ஒரு முக்காலியில். நான் வலியில் முனகிக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு நேரம் அழுத்தினால் கட்டைவிரல் மரத்துப்போகும் என்று, பொத்தானை அமுக்கி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். எங்கள் செவிலியர் கூட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் பிளாஸ்திரிதான். கழன்ற கைப்பிடி, கிழிந்த புத்தகம், உடைந்த மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் கோட் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளைத்தான் எடுப்போம்.

நன்றாக முனகி, நாடியையும் கணினியில் வேகமாக்கி வைத்துவிட்டுச் சற்று ஓய்ந்தேன். கதவைத் திறந்துகொண்டு வானொலி உள்ளே வந்தாள், பின்னாலேயே ஆமாம் சார். வேடிக்கை பார்க்கத்தான். வானொலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அருகே குனிந்தாள்.

"பாரு, கை நடுங்கறதைப் பாரு," என்றாள். "இந்தக் கையால ஊசி போட்டுக்கிட்டு உயிரோட வீட்டுக்குப் போனவங்க யாராவது உண்டா? அங்க ஆளைக் கொன்னுட்டு இங்க வந்திருக்கா. இவளைப் போய் நிரந்தரமாக்கப் போறாங்களாம்."

"ஆமாம் மேடம்," என்றார் ஆமாம் சார்.

"அதான் லேபிளை மூணு தடவை படிக்கிறாளா," என்றேன் நான். "நான் என்னவோ அக்கறைன்னு நினைச்சுட்டேன்."

கண்ணாடிக்கு அப்பால் யாரும் அசையவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் அம்மா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். புதியவள் எதையோ தவறாகச் செய்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆமாம் சார்தான் பேசாமல் மைக்கைக் காட்டினார். பொத்தான்மேல் பிளாஸ்திரி அப்படியே ஒட்டியிருந்தது. நாங்கள் மூவரும் பேசியது அத்தனையும் பெரியம்மாவின் வாய் வழியாகக் கூடத்துக்குப் போயிருந்தது.

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. பிளாஸ்திரியைப் பிய்க்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

புதியவள் மருந்துக் குப்பியைத் தட்டில் வைத்தாள். இன்னொரு முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் பொம்மையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். நோயாளியிடம் முக்கியமான விஷயம் பேசும்போது அப்படித்தான் உட்காரவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பெரியம்மா," என்றாள். "என்னைப் பத்தி ஏதோ கேள்விப்பட்டு பயந்துட்டீங்க போல. நாடி இப்படி ஓடுது. பயமா இருந்தா என்கிட்டயே கேக்கலாம், தப்பில்ல. நடந்ததைச் சொல்றேன், கேளுங்க."

பிறகு அவள் சொன்னாள். அடுத்தடுத்து இரண்டு டியூட்டி பார்த்த களைப்பு. இரண்டு மருந்துக் குப்பிகள், ஒரே அளவு, இரண்டுக்கும் நீல மூடி. லேபிளைப் படித்ததாக நினைத்துக்கொண்டாள், படிக்கவில்லை. மருந்து ஏறிய சற்று நேரத்தில் அந்தப் பெரியவரின் இதயத் துடிப்பு சரிந்தது. காலிக் குப்பியைத் திருப்பிப் பார்த்தவள், டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட்டு, நான்தான் மாற்றிப் போட்டேன் என்று சொன்னாள். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். பெரியவர் கண்விழித்ததும் அவரிடமும் அவர் மகனிடமும் கட்டிலருகே நின்று சொன்னாள்.

"அவர் பிழைச்சுட்டார் பெரியம்மா. நடந்துதான் வீட்டுக்குப் போனார். வேலையை விட்டு என்னை யாரும் அனுப்பல. எனக்குத்தான் அதுக்கப்புறம் அந்த வார்டுல மருந்தைத் தொட முடியல. தினமும் மத்தியானம் அவருக்குப் போன் பண்ணி, மாத்திரை போட்டாரான்னு கேக்கறேன். போடலைன்னா திட்டறேன். கை நடுங்கறது உண்மைதான். அதனாலதான் மூணு தடவை படிக்கிறேன். நடுங்காம போற அன்னைக்கும் படிப்பேன்."

பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். நோயாளி நம்மைப் பற்றி எதையாவது கேட்டுப் பயந்தால் கோபப்படக் கூடாது, உட்கார்ந்து பேசவேண்டும், பேசிய பிறகுதான் ஊசி என்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் பாடம் நிற்கவில்லை. மறுபடியும் பொம்மையிடம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க பெரியம்மா. என் கையால ஊசி போட்டுக்க உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேற ஆளைக் கூப்பிடறேன்."

கூடம் முழுக்கப் பெரியம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் என் தொண்டையில் இருந்தது. வானொலி முழங்காலைப் பார்த்துக் குனிந்திருந்தாள். இத்தனை வருடமாகப் பெரியம்மாவின் குரலில் எத்தனை வலி, எத்தனை பிடிவாதம் நடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. என் சொந்தக் குரல்தான் வந்தது.

"சம்மதம்மா," என்றேன். "என்னை மன்னிச்சுக்கோ."

அவள் குப்பியை எடுத்து வாய்விட்டுப் படித்தாள். ஊசி போட்டாள். நான் பெரியம்மாவின் நாடியை மெல்ல மெல்ல இறக்கினேன். வகுப்பு முடிந்து பிளாஸ்திரியைப் பிய்த்தபோது பொத்தானும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

முதல்வர் அம்மாவின் அறையில் நாங்கள் மூவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பிறகு அவர் வேண்டுமென்றே எங்கள் முன்னாலேயே புதியவளைக் கூப்பிட்டு, இவ்வளவு நல்ல வகுப்பைப் பார்த்ததில்லை, வேலை நிரந்தரம் என்றார். அவள் நன்றி சொன்னாள். ஆனால் வேண்டாம் என்றாள்.

"பொம்மைக்குப் பதில் சொல்லிட்டேன் மேடம். மூடின கதவுக்குப் பின்னாடி பேசறவங்களுக்குத் தினமும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல. இந்தப் பருவம் முடிஞ்சதும் போயிடறேன்."

போவது இன்னொரு பள்ளிக்கு இல்லை, துணிக்கடைக்கு என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருந்தது. மாடிப்படியில் அவளைப் பிடித்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொல்ல வரலக்கா," என்றாள். "சொன்னா பொய்யா இருக்கும்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பேன்.

அதன் பிறகு மேசை திருந்தியதா என்றால், எங்கே. ஆள்தான் மாறியது. வானொலி ஆசிரியர் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சமுதாய நலப் பொருள்கள் வைக்கும் அறையில், குழந்தைகளை எடை பார்க்கும் தொட்டில்களுக்கும் முதலுதவிப் பைகளுக்கும் நடுவே தனியாகச் சாப்பிட்டாள். இப்போது மேசைக்கு அவள்தான் அவல். எல்லாம் அவள் வாயால் வந்த வினை, முகம் உப்பியிருக்கிறது, இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், குற்ற உணர்ச்சி தூங்கவிடாது என்று நோய் கண்டுபிடித்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. கல்லெல்லாம் ஒரே தலையில் விழுந்தால் பக்கத்துத் தலைக்கு நல்லதுதானே.

புதியவள் அந்த வகுப்புக்குப் பிறகு எங்களோடுதான் சாப்பிட்டாள். ஓடி ஒளிகிற மாதிரி இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். மேசையின் கடைசி நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் ஆமாம் சார்கூட, வானொலி மேடம் வாயைக் கட்டியிருந்தால் யாருக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது என்று தானாக ஆரம்பித்தார். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"நேத்து மூணாம் வருஷத்துக்கு ஒப்படைப்பு நடத்தினேன் சார்," என்றாள்.

டியூட்டி மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்கவேண்டும். முன்பெல்லாம் ஒதுக்குப்புற அறையில் நின்றுகொண்டு சொல்வோம். பத்தாம் கட்டில் பெரிய தொல்லை, பக்கத்துக் கட்டில் வலிக்காமலே நடிக்கிறாள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் வரும். இப்போது அப்படியில்லை. கட்டிலருகே நின்று, நோயாளியின் காதில் விழச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார். அந்த மேசையில் இருந்த எல்லோருமே இதைப் பாடம் நடத்தியவர்கள், பரீட்சையில் கேள்வி கேட்டவர்கள்.

"நோயாளி கேட்டுக்கிட்டிருந்தா நம்ம நாக்கு தானா சுத்தமாகும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "வானொலி மேடத்தைப் பத்திப் பேசணும்னா பேசுவோம். கட்டில் பக்கம் போய்ப் பேசுவோம். வாங்க."

டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அவளைக் கொலைகாரி ஆக்கியவளுக்காக அவள் போகிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். வராந்தாவில் எனக்காக உட்கார்ந்திருந்த வானொலியின் முகம் ஞாபகம் வந்தது. நானும் எழுந்தேன். ஆமாம் சார் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

தொட்டில்களுக்கு நடுவே வானொலி எங்களைப் பார்த்ததும் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"என்னைப் பத்திதான் பேசிட்டிருந்தீங்களா?"

"ஆமாம்," என்றார் ஆமாம் சார். வழக்கமாக அத்தோடு நிறுத்துகிறவர் அன்று நிறுத்தவில்லை. "என் மனைவி போனதை நீங்க பிள்ளைங்க வரைக்கும் கொண்டு போயிட்டீங்க மேடம். வகுப்புல நிக்கவே கூசிச்சு. அதை உங்ககிட்ட சொல்லாம மத்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அதுவும் தப்புதான்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. வானொலி டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க சாப்பிடாம வர்றீங்க, யாராவது கவனிக்கட்டும்னுதான் சொன்னேன்," என்று ஆரம்பித்தவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல சார். பேச ஒரு விஷயம் கிடைச்சுதுன்னுதான் சொன்னேன்."

அழுதாள். புதியவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. புதியவள் ஒரு மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். யாரும் யாரையும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. சாப்பாடு ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் அது ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது இல்லாதவரைப் பற்றி ஆரம்பித்தால் இன்னொருவர், "கட்டில் பக்கம் போலாமா?" என்று கேட்பார். பாதி நேரம் பேச்சு அங்கேயே படுத்துவிடும். சில சமயம் உண்மையாகவே எழுந்து போய்க் கேட்டுவிட்டு, அசடு வழியத் திரும்பி வந்திருக்கிறோம். எல்லோரும் மகான்களாகிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. முதல் சில நாள் பேச ஒன்றும் அகப்படாமல் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். வீட்டிலும் சாப்பாட்டு நேரம் அமைதியாகிவிட்டது. "என்ன, இன்னைக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லையா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஆனால் புதியவள் மனம் மாறியதாகத் தெரியவில்லை. தன் அலமாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருந்தாள்.

பருவத்தின் கடைசி வாரம், பிள்ளைகளோடு வார்டுகளுக்குப் போகும் முன்பு ஆசிரியர்கள் எல்லோரும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். செயல்முறைக் கூடத்தில் இரண்டு மேசை போட்டோம். ஒன்றில் நான், ஒன்றில் அவள். என் மேசைக்கு முன்னால் வரிசை கதவு வரைக்கும் நீண்டது. அவள் மேசைக்கு முன்னால் காலி நாற்காலி. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆள் செத்த கதை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கால் என் பக்கமாகத்தான் வந்தது. அங்கே போங்களேன் என்று ஒருத்தியிடம் சொன்னேன், பரவாயில்லை, நிற்கிறேன் என்றாள். ஆமாம் சாரும் பழக்கத்தில் என்னிடமே போட்டுக்கொண்டு போனார். புதியவள் தட்டிலிருந்த பஞ்சுகளை நேராக அடுக்கினாள், கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினாள். இவள் போகத்தான் போகிறாள் என்று அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்தது.

வானொலி கடைசியாக வந்தாள். வரிசையைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள். நேராகப் போய்ப் புதியவள் முன்னால் உட்கார்ந்து ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டாள்.

"என் கையால போட்டுக்கச் சம்மதமா?" என்று கேட்டாள் புதியவள்.

வாய் ஓயாத வானொலி தலையை ஆட்டினாள்.

"தலையாட்டினா போதாது மேடம். வாயால சொல்லணும், உங்களுக்கே தெரியும்."

வானொலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி, "சம்மதம்," என்றாள். "நான் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு."

புதியவள் குப்பியை எடுத்தாள். கை நடுங்கியது. வாய்விட்டுப் படித்தாள். மருந்தை உறிஞ்சும்போது இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவைக்குக் குப்பியை வானொலியிடம் நீட்டினாள். வானொலி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாவற்றையும் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஊசி இறங்கும்போது நான் புதியவளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் நின்றிருந்தது.

"போட்டாச்சா? எனக்குத் தெரியவே இல்லையே," என்று வானொலி வரிசையைப் பார்த்து அறிவித்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே வரிசை நெடுகப் போய், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை, அங்கே நாற்காலி காலியாக இருக்கும்போது இங்கே ஏன் காத்துக் கிடக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவள் பரப்பிய செய்தி என்றைக்குப் பரவாமல் இருந்திருக்கிறது. என் வரிசை பாதியாகி அந்தப் பக்கம் நகர்ந்தது. ஆமாம் சாரும் போய் அங்கே நின்றார்.

"உங்களுக்குப் போட்டாச்சே சார்," என்றேன்.

"ஆமாம்," என்றார். நகரவில்லை.

எல்லாம் முடிந்து, ஊசிகளை அதற்கான பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி அறைக்குள் போனேன். புதியவள் பின்னாலேயே வந்து மைக்கைப் பார்த்தாள். பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"இன்னும் சரி பண்ணலையாக்கா?"

"எதுக்கு? ஒப்படைப்புப் பாடம் நடத்தறவதான் துணிக்கடைக்குப் போறாளே."

"மச்சினர்கிட்ட வரலைன்னு சொல்லிக்கறேன். அடுத்த பருவத்துக்குப் பெரியம்மா பேசணும், அதுக்குள்ள பொத்தானை மாத்திடுங்க. பிளாஸ்திரி மட்டும் ஒட்டாதீங்க."

போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரச் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார்.

"புதுப் பொண்ணு போகலியாம்," என்றேன். "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இதோ, பக்கத்துலதான் நிக்கறா. அவளையே கேளுங்க." போனை அவளிடம் கொடுத்தேன்.